அயல்நாட்டில் குடிக்கூலி வீடு

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குத்தகை என்பது புதிய சொல்லன்று. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை பரந்து கிடக்கும் 14,707 ஏக்கர் இருபோக வயல்களும் குத்தகை நிலத்தில் தேங்கிய நீரைக் குடித்தே பச்சைப் பசேலென்று நிற்கின்றன. பெரியாற்று நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்ப வேண்டுமென்று சென்னை அரசாங்கம் விரும்பிய காலத்தில், அந்த நீர் தேங்க வேண்டிய நிலம் திருவிதாங்கூர் மன்னருக்கு உரியதாக இருந்தது. அஃது அயலார் மண். ஆகவே 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வாடகை. காலம் 999 ஆண்டுகள். அந்த நிலத்தில் பென்னிகுவிக் எழுப்பிய அணை 1895-இல் திறக்கப்பட்டது.

எவ்வளவு நிலம், எதற்காக, என்ன வாடகைக்கு, எத்தனை காலத்துக்கு என்பவற்றையெல்லாம் அந்த ஒப்பந்தம் வரையறுத்தது. பிணக்கு எழுந்தால் இரு தரப்பினரும் ஆளுக்கொரு நடுவரை வைத்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்குள்ளும் ஒற்றுமை ஏற்படாவிட்டால் மேல்நடுவர் ஒருவர் தீர்க்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். இத்துணை எச்சரிக்கையோடு எழுதியும் ஒன்று விடுபட்டுப் போயிற்று. நீரைக்கொண்டு பாசனம் செய்யலாம் என்பது தெளிவு, மின்சாரம் எடுக்கலாமா? 1886-இல் அந்தக் கேள்வி எவர் மனத்திலும் தோன்றவில்லை. தோன்றியபோது அது வழக்காக மாறி மேல்நடுவர் வரை சென்றது. 1941-இல் வந்த தீர்ப்பு திருவிதாங்கூருக்கு ஆதரவாக இருந்தது. பின்னர் 1970-இல் துணை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த வாடகை 30 ரூபாயாயிற்று. மின்சாரத்துக்குத் தனிப் பணம் என்று முடிவாயிற்று. மீன்பிடி உரிமை கேரளத்தின் கைக்குச் சென்றது. எழுதியது நிலைத்தது, எழுதாமல் விட்டது வழக்குக்குப் போயிற்று. அணையின் நீர்மட்டம் பற்றிய வழக்குகள் தனிக் கதை. அதற்குள் நான் இப்போது புகவில்லை.

அணையை இங்கே நிறுத்திவிட்டு ஓர் அறைக்கு வருவோம். போடியிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் படித்த பிள்ளைகள் இன்று மேற்படிப்புக்கும் வேலைக்கும் கடல் கடந்து போகிறார்கள். திராட்சைத் தோட்டத்தை அடகு வைத்தோ, வங்கியில் கடன் பெற்றோ பெற்றோர் அவர்களை அனுப்புகிறார்கள். கல்லூரியில் இடம் கிடைத்ததா, விசா கிடைத்ததா என்று ஊரே கேட்கிறது. அங்கே தலைசாய்க்க ஓர் அறை கிடைத்ததா என்று கேட்பவர் குறைவு. ஆனால் முதல் மாதத்தில் மிகுந்த பணத்தையும் மன அமைதியையும் விழுங்குவது அந்த அறைதான்.

நம் ஊரில் வீடு எப்படிக் கிடைக்கிறது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். ‘வீடு வாடகைக்கு’ என்று ஒரு பலகை தொங்குகிறது. உள்ளே சென்றால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது வாடகையைப் பற்றியன்று. “தம்பிக்கு எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?” என்றுதான் தொடங்குவார். அந்த இரண்டு கேள்விகளுக்கு ஏற்ற விடை கிடைத்துவிட்டால், பிறகு எழுத்தும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம். தாம்பூலத்தோடு காரியம் முடிந்துவிடும். விடை அவருக்கு ஒவ்வாதாயின், “நேற்றுத்தான் வேறொருவருக்குப் பேசி முடித்தோம்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாதியின் பெயராலும் சமயத்தின் பெயராலும் இவ்வாறு கதவடைக்கப்பட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! மணமாகாத ஆண் என்பதற்காகவும், புலால் சமைப்பவர் என்பதற்காகவும் வீடு மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! அயல்நாட்டில் நம்மவருக்கு வீடு மறுக்கப்பட்டது என்ற செய்தியைக் கேட்டுக் கொதிப்பவர்கள், தங்கள் தெருவிலும் ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

இங்கே ஒருவனுக்குச் சாட்சி மனிதர்கள். அங்கே அவனை அறிந்த மனிதர் எவரும் இல்லை. மாமனும் இல்லை, “நம்ம பையன்தான், கொடுங்கள்” என்று சொல்லும் கடைக்காரரும் இல்லை. ஆகையால் மனிதர் நின்ற இடத்தில் காகிதம் வந்து நிற்கிறது.

இது இன்று தோன்றிய இடையூறன்று. முன்னே சென்ற நம்மவர்கள் இதற்குத் தாங்களே வழி வகுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளைச் சொல்லலாம். நீண்ட மண்டபம் போன்ற கட்டடம். உள்ளே ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டகமும் ஒரு சாய்வு மேசையும் வைக்கும் அளவே இடம். பகலில் அதுவே வட்டிக்கடை; இரவில் அங்கேயே பாய் விரித்து உறங்குவார்கள்; சமையலும் பொதுவில் நடக்கும். புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கிய இளைஞன் வீடு தேடி அலைய வேண்டியதில்லை. அவனை அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். இலண்டனில் 1905-இல் சியாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட் பகுதியில் இந்தியா இல்லத்தைத் தொடங்கியதும் இந்திய மாணவர் தங்குவதற்காகத்தான். அது விடுதலை இயக்கத்தின் பாசறையாக மாறியதை நாம் அறிவோம், வ. வே. சு. ஐயர் அங்கே தங்கியிருந்தார். ஆனால் அதன் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருந்த முதற்பொருள், வெயில் நாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு ஒரு கட்டில் என்பதே.

சென்றவர் எல்லாருக்கும் இத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மூணாறு மலைக்கும் சென்ற தொழிலாளர்களுக்குத் தோட்டத்து முதலாளிகள் ‘லயம்’ கட்டிக் கொடுத்தார்கள். வரிசையாக ஒட்டி நிற்கும் அறைகள். குடிக்கூலி கிடையாது, அதனால் குடியிருப்பவருக்கு உரிமையும் கிடையாது. வேலை போனால் வீடும் போயிற்று. இன்றும் நம் பள்ளத்தாக்கிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்குச் செல்பவர்களில் பலர் மாலையில் வீடு திரும்புகிறார்கள். சிலர் மலையிலேயே தோட்டத்துக் குடியிருப்பில் தங்குகிறார்கள். 2011 டிசம்பரில் அணைச் சிக்கல் கொதித்தெழுந்த நாட்களில், இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அச்சத்தால் மலைப்பாதையாகவே தேனி மாவட்டத்துக்குள் இறங்கி வந்தார்கள். மாநில எல்லைதான், நாட்டின் எல்லையன்று. எனினும் தம்முடையதென்று சொல்ல ஒரு கதவு இல்லாதவர்களுக்கு எந்த எல்லையும் பெரிய எல்லையே. வேலை கொடுப்பவரே வீடும் கொடுக்கும்போது அது வசதியாகத் தோன்றும். வளைகுடா நாடுகளின் தொழிலாளர் முகாம்களுக்குச் செல்வோரும் இதை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனி, காகிதம் ஆளும் நாடுகளைப் பார்ப்போம். செருமனியில் தொடங்குகிறேன். நம் பிள்ளைகள் இப்போது மிகுதியாகச் செல்லும் நாடுகளுள் அஃது ஒன்று. அங்கே ஒழுங்கும் மிகுதி, அதனால் குழப்பமும் மிகுதி. அங்கே வாடகைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ‘கால்ட்மீட்ட’, சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் குளிர்ந்த வாடகை. மற்றொன்று ‘வார்ம்மீட்ட’, வெதுவெதுப்பான வாடகை. முன்னது சுவருக்கும் கூரைக்கும் மட்டும். பின்னதில் வெப்பமூட்டும் செலவு, தண்ணீர், குப்பை அகற்றுதல் முதலியன சேரும். விளம்பரத்தில் குளிர்ந்த வாடகையைக் கண்டு மகிழ்ந்த மாணவன், கையொப்பமிடும்போது வெதுவெதுப்பான வாடகையைக் கண்டு வியர்க்கிறான். மின்சாரமும் இணைய இணைப்பும் பெரும்பாலும் அதற்கும் வெளியே நிற்கும். இன்னொரு வியப்பு: ‘வெற்று வீடு’ என்று அவர்கள் சொன்னால், அது மெய்யாகவே வெற்று வீடு. சமையலறை இருக்கும், அதில் அடுப்பும் அலமாரியும் தொட்டியும் இல்லாமலிருக்கலாம். முன்பு குடியிருந்தவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அல்லது உங்களிடம் விலை பேசுவார்.

பிணைப்பணத்துக்கு அங்கே சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. மூன்று மாதக் குளிர்ந்த வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணைகளில் செலுத்தும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும். தரகுக் கூலியும் 2015 முதல் தரகரை அமர்த்தியவர் தலையில்தான். இவ்வளவு பாதுகாப்பும் வீடு கிடைத்த பிறகுதான் பயன்படும். கிடைப்பதற்கு முன் வீட்டுக்காரர் கேட்பன: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ‘ஷூஃபா’ என்னும் கடன் நாணயச் சான்று. நேற்று விமானத்திலிருந்து இறங்கியவனிடம் இவை எப்படி இருக்கும்? வீடு இல்லாவிடில் நகராட்சியில் முகவரிப் பதிவு இல்லை. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் வீட்டுக்காரரின் கையெழுத்தோடு அதைச் செய்ய வேண்டும். முகவரிப் பதிவு இல்லாவிடில் வரி எண் வராது. தங்கும் அனுமதி தாமதமாகும். பல வங்கிகளில் கணக்கும் எளிதாகத் திறக்காது. வங்கிக் கணக்கும் வருமானமும் இல்லாதவருக்கு வீடு கொடுப்பாரில்லை. செக்குமாடு சுற்றுவது போன்ற இந்த வட்டத்தை எங்கேயாவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும். மாணவர் நல நிறுவனங்கள் நடத்தும் விடுதிகளுக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிப்பதுதான் அந்த வெட்டு. அது தவறினால், பலர் சேர்ந்து வாழும் கூட்டு வீடுகளில் ஓர் அறை தேடலாம். அங்கே வீட்டுக்காரரைவிட உடன் வாழ்வோரே தேர்வாளர்கள். காபி கொடுத்து, என்ன படிக்கிறாய், பாத்திரம் கழுவுவாயா, பாட்டுக் கேட்பாயா என்று விசாரிப்பார்கள். “யார் வீட்டுப் பிள்ளை” என்ற நம் ஊர்க் கேள்வியின் மறுபிறவி என்றே இதை நான் கருதுகிறேன். சற்று நாகரிகமான பிறவி.

இங்கிலாந்தில் வேறு விதம். 2016 பிப்ரவரி முதல், குடிவருபவருக்கு அந்நாட்டில் வாடகைக்கு இருக்கும் உரிமை உண்டா என்று வீட்டுக்காரரே சரிபார்க்க வேண்டும் என்பது இங்கிலாந்து முழுவதற்கும் சட்டம். எல்லைக் காவலரின் வேலையில் ஒரு பகுதி வீட்டுக்காரர் தோளில் ஏறிவிட்டது. தவறினால் தண்டம் கட்ட வேண்டுமே என்று அஞ்சுகிற வீட்டுக்காரர், அயல்நாட்டுப் பெயரைக் கண்டவுடனே பின்வாங்குவதும் உண்டு. நான் அந்தச் சட்டத்தைப் போற்றுபவன் அல்லன். ஆயினும் 2019-இல் வந்த மற்றொரு சட்டம் குடியிருப்பவருக்கு நல்லது செய்தது. ஆண்டு வாடகை 50,000 பவுனுக்குக் குறைந்த வீடுகளுக்குப் பிணைப்பணம் ஐந்து வார வாடகைக்கு மேற்படக் கூடாது. வீட்டைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ‘கோப்புக் கட்டணம்’, ‘விசாரணைக் கட்டணம்’ என்று தரகர்கள் கறந்தவை ஒழிந்தன. பிணைப்பணத்தை 30 நாட்களுக்குள் அரசு ஏற்ற காப்புத் திட்டமொன்றில் போட்டு, அதன் விவரத்தைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சான்று வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அந்நாட்டில் வசிக்கும் பிணையாளி ஒருவர் வேண்டும் என்று கேட்பது வழக்கம். சில பல்கலைக்கழகங்கள் தாமே பிணை நிற்கின்றன. மாணவர் பலர் இதை அறியாமலே தூரத்து உறவினரைத் தேடி அலைகிறார்கள்.

கொரியாவைப் பற்றிச் சொல்லும்போது மதுரை, தேனிப் பக்கத்து மாணவர்கள் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். அங்கே ‘சோன்சே’ என்றொரு முறை இருக்கிறது. மாதவாடகை இல்லை. வீட்டு விலையில் பாதிக்கும் மேலான ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குடிபுக வேண்டும்; காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேற வேண்டும். இது நம் ஊர் ஒத்தியேதான்! இதை ஐரோப்பியருக்கு விளக்க நெடுநேரம் ஆகும். நம் பாட்டிக்கு ஒரு சொல் போதும். ஒத்தியின் நன்மை தெரிந்தவருக்கு அதன் இடரும் தெரிந்திருக்கும். வீட்டின்மேல் முன்பே கடன் இருந்தால் ஒத்திப் பணம் என்னாகும்? கொரியாவில் இதே இடர் பேரிடராயிற்று. ஒருவரே பல வீடுகளைக் கடனிலும் சோன்சேப் பணத்திலும் வாங்கிக் குவித்து, வீட்டு விலை சரிந்ததும் கைவிரித்தார்கள். பல்லாயிரம் இளைஞர்கள் தங்கள் சேமிப்பை இழந்து நின்றார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அங்கே குடிபுகுபவர் செய்ய வேண்டியவை: பத்திரப் பதிவு ஏட்டில் வில்லங்கம் பார்ப்பது; குடிபுகுந்ததும் முகவரியைப் பதிவு செய்வது; ஒப்பந்தத்தில் அரசு அலுவலகத்தின் நாள்முத்திரை பெறுவது. பின்னே வரும் கடன்காரரை முந்தி நிற்க இந்த முத்திரை உதவுகிறது. அயல்நாட்டு மாணவர் பெரும்பாலும் மாதவாடகை வீட்டுக்கே போவார்கள். ஆனால் அதற்கும் அங்கே கணிசமான முன்பணம் உண்டு, ஆகவே முத்திரை அவர்களுக்கும் வேண்டியதே.

சப்பானில் ‘ரெய்கின்’ என்று ஒரு தொகை. வீட்டைக் கொடுத்தமைக்கு வீட்டுக்காரருக்குச் செலுத்தும் நன்றிப் பணம், திரும்பி வராது. ‘ஷிகிகின்’ என்பது பிணைப்பணம். பழுதுக்கும் துப்புரவுக்கும் போக மிச்சம் திரும்பும். இரண்டையும் ஒன்றென எண்ணி நாட்டுக்குத் திரும்பும் நாளில் ஏமாந்தவர்கள் உண்டு. அந்நாட்டு நீதி அமைச்சகம் அயல்நாட்டினரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2017-இல் வெளியிட்டது. முன்னைய ஐந்தாண்டுகளில் வீடு தேடியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர், தாங்கள் அயல்நாட்டினர் என்ற காரணத்தாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஓர் அரசே தன் நாட்டில் இப்படி நடக்கிறது என்று கணக்கெடுத்து வெளியிட்டது பாராட்டத் தக்கது. எண்ணிக்கையோ பாராட்டத் தக்கதன்று.

மறுப்பைப் பற்றிச் சிறிது விரிவாகவே பேச வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் இலண்டனில் வீட்டுச் சன்னல்களில் ‘கறுப்பர் வேண்டா’ என்று வெளிப்படையாக எழுதித் தொங்கவிட்டார்கள். 1965-இல் இன உறவுச் சட்டம் வந்தபோதும் அது வீட்டு வாடகையைத் தொடவில்லை. 1968-இல் வந்த சட்டந்தான் வீடு மறுப்பதையும் சட்டத்துக்குப் புறம்பாக்கியது. அதே 1968-இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள், அமெரிக்காவிலும் வீட்டு நியாயச் சட்டம் கையொப்பமாயிற்று. செருமனியில் சம நடத்தைச் சட்டம் 2006-இல் வந்தது. பலகைகள் மறைந்தன, எண்ணம் முழுவதும் மறைந்துவிட்டதா? சிங்கப்பூரில் நம்மவருக்கே நேரும் ஒன்றைச் சொல்கிறேன். அங்கே வீட்டு வாரியக் குடியிருப்புகளில் இனங்கள் கலந்து வாழ வேண்டுமென்று 1989 முதல் இன விகிதம் வகுத்திருக்கிறார்கள், நோக்கம் நல்லது. ஆயினும் தனியார் அறை விளம்பரங்களில் ‘இந்தியர் வேண்டா’ என்று வந்ததும், அதைக் குறித்துப் பத்திரிகைகள் எழுதியதும் உண்டு. இப்போது அவ்வாறு எழுதுவதில்லை. ‘கனமான சமையல் கூடாது’ என்று எழுதுகிறார்கள். கடுகும் மிளகாய்வற்றலும் தாளிக்கிற வாசனைக்கு அஞ்சுகிறார்கள் என்பது ஒரு பாதி உண்மை. மறுபாதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய வேளையில் மாணவர் என்ன செய்யலாம்? பேச்சிலே மறுத்தால் சான்று இராது. ஆகவே கேள்வியைக் கடிதமாக எழுதி, விடையையும் எழுத்தில் பெறுவது நல்லது. பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசனை அலுவலகம் இருக்கும். சட்ட உதவி இருக்கும். ஒன்றை மட்டும் நான் ஏற்பதில்லை. “நீ ஒருவன் ஒழுங்காக நடந்தால்தான் பின்னால் வரும் நம் நாட்டார்க்கு வீடு கிடைக்கும்” என்று பெரியவர்கள் அறிவுரை சொல்லி அனுப்புகிறார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் நாட்டின் மானம் முழுவதையும் ஏற்றலாகாது. ஓர் ஆங்கில மாணவன் பாத்திரம் கழுவாமல் போட்டால் அவன் சோம்பேறி. நம் மாணவன் போட்டால் நூற்றுநாற்பது கோடிப் பேரும் சோம்பேறிகளா?

மோசடியைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. வீட்டுப் பஞ்சம் மிகுந்த நகரங்களில் ஏமாற்றுக்காரர் வலை விரிக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் 2022-இல், தங்க இடம் உறுதியாகாத அயல்நாட்டு மாணவர்கள் புறப்பட்டு வர வேண்டா என்று அறிவிக்கும் அளவுக்குப் பஞ்சம் இருந்தது. அத்தகைய நகரில், பளபளக்கும் படங்களோடும் குறைந்த வாடகையோடும் ஒரு விளம்பரம் தோன்றும். வீட்டுக்காரர் வேலை நிமித்தம் வேறு நாட்டில் இருப்பதாகச் சொல்வார். பணம் அனுப்பினால் சாவி அஞ்சலில் வரும் என்பார். நம்பிக்கைக்காகத் தம் கடவுச்சீட்டின் படத்தையும் அனுப்புவார். அந்தக் கடவுச்சீட்டு, முன்பு ஏமாந்த ஒருவருடையதாக இருக்கலாம். கண்ணால் காணாத வீட்டுக்குக் கைப்பணம் அனுப்பாதீர்கள். நேரில் காண இயலாதாயின் அந்த ஊரில் இருக்கும் மூத்த மாணவர் ஒருவரைச் சென்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் இயலாதாயின் முதல் இரண்டு வாரங்களுக்குப் பொது விடுதியில் தங்கிக்கொண்டு தேடுங்கள். செலவு கூடும், அடகு வைத்த தோட்டம் தப்பும்.

வீடு கிடைத்த பின்னும் கற்க வேண்டியவை உண்டு. கணித மேதை இராமானுசன் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்று, டிரினிடி கல்லூரியின் ஹியூவெல் கட்டடத்தில் அறை பெற்றார். குளிரால் நடுங்கி, மேலங்கியைப் போர்த்துக்கொண்டு உறங்குவதாக அவர் சொன்னதைக் கேட்ட மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் அனைத்தும் படுக்கையோடு இறுக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்துகொள்ள வேண்டும் என்பதை அறியாமல் இராமானுசன் அவற்றின் மேலேயே படுத்திருந்தார். மகலனோபிஸ் எடுத்துக் காட்டினார். மாமேதைக்கே ஒருவர் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது என்றால் நாம் கேட்பதற்கு நாண வேண்டியதில்லை. வெப்பக் குழாயை எந்த அளவில் வைப்பது, சன்னலை எப்போது திறப்பது என்று முதல்நாளே கேளுங்கள். குளிர்நாட்டு வீட்டில் ஈரத் துணியை அறைக்குள் உலர்த்திச் சன்னலையும் அடைத்து வைத்தால் சுவரில் பூஞ்சை படரும். அதைச் சுரண்டிப் பூசும் செலவு பிணைப்பணத்திலிருந்து போகும். மிளகாய் தாளிக்கும் புகைக்கு எச்சரிக்கை மணி அலறும். சில கட்டடங்களில் தீயணைப்பு வண்டியே வந்துவிடும். அதற்கும் கட்டணம் கேட்கலாம். செருமனியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அமைதி நேரம் என்று கொள்வது வழக்கம். கண்ணாடிக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, உணவுக் கழிவுக்கு ஒன்று எனக் குப்பைத் தொட்டிகள் தனித்தனியே நிற்கும். முதலில் சிரிப்பாக இருக்கும். பிறகு நம் ஊர் வாய்க்கால்களை நினைத்துச் சிரிப்பு அடங்கும்.

குடிபுகும் நாளிலும் வெளியேறும் நாளிலும் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வோர் அறையையும், சுவரிலுள்ள ஒவ்வொரு கீறலையும், குளியலறையின் ஒவ்வொரு கறையையும் நாள் தெரியப் படமெடுங்கள். செருமனியில் ஒப்படைப்புக் குறிப்பு என்ற ஏடே உண்டு; இருவரும் கையொப்பமிட வேண்டும். மின்மானி, நீர்மானி எண்களையும் சாவிகளின் எண்ணிக்கையையும் அதில் எழுதச் செய்யுங்கள். வெளியேறுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பதைக் கையொப்பமிடும் முன்பே படித்து வைத்திருங்கள். செருமனியில் காலவரையற்ற ஒப்பந்தத்துக்கு மூன்று மாதம். விமானச்சீட்டு வாங்கிய பிறகு இதைப் படித்தவர்கள், தாங்கள் வாழாத வீட்டுக்கு ஊரிலிருந்தே வாடகை கட்டியிருக்கிறார்கள். பிணைப்பணம் பற்றிப் பிணக்கு எழுந்தால், இங்கிலாந்தில் காப்புத் திட்டமே கட்டணமின்றித் தீர்த்து வைக்கிறது; உங்கள் படங்கள் அங்கே பேசும். செருமனியிலோ கணக்கு முடிய மாதங்கள் ஆகலாம். ஆகையால் புறப்படும்போது வீட்டுக்காரரிடம் ஊர் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பணம் வந்து சேரும் வரை அந்நாட்டு வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.